வெட்டவெளி நாதர் சுருட்டிய கயிறு

காட்டாற்றங்கரையில் மணலூற்று என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு மாட்டுக்கயிறும் கிணற்றுக்கயிறும் திரித்துக் கொடுத்துப் பிழைத்தவர் ஆவுடையார். குழியில் ஊறிய தேங்காய் மட்டையை அள்ளிப் போட்டுத் தட்டுவார்; நாரைப் பிரித்து, தொடைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டுவார். ஒவ்வோர் உருட்டுக்கும் வாய் "நாதா" என்னும். கயிற்றில் பாதி நார், பாதி அந்தப் பேர் என்று அவர் மனைவி மூக்கம்மாள் கேலி செய்வார். நாம் இன்று அவரை ஆவுடையார் என்கிறோம். அவர் இருந்த காலத்தில் ஊர் அவரை "ஏ ஆவுடை" என்றுதான் கூப்பிட்டது. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

அந்த ஊர்ச் சுவாமிக்கு வெட்டவெளி நாதர் என்று பெயர். கூரை கிடையாது, மதில் கிடையாது. மணல் திடலின் நடுவே வட்டமான கல்பீடத்தின் மேல் வெயிலும் மழையும் தாங்கி நிற்பார். நந்திகூட உள்ளங்கை அகலத்தில் அதே பீடத்தின் மேல்தான் படுத்திருக்கும். ஆவுடையார் தினமும் வேலைக்கு உட்காரும் முன் ஒரு சுற்று வலம் வந்து, பூசாரி குற்றாலம் கொடுக்கும் திருநீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொள்வார். மனைவிக்கும் ஒரு கிள்ளு வாங்கி வருவார். அவர் சுவாமியிடம் வேறொன்றும் கேட்டதில்லை. பிள்ளை இல்லாத குறையைக்கூடச் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய விரல் நுனிகள் மரத்துப் போயின. நார் அறுத்து ரத்தம் வழிந்தது, அவருக்குத் தெரியவில்லை. மூக்கம்மாள் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பெருநோய் என்ற சொல் ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அன்று மாலைக்குள் ஊர் கூடிவிட்டது. செக்கு வைத்திருந்த மாசானம்தான் அப்போது ஊர்த்தலைவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்; பயந்த மனிதர். ஆவுடையார் எல்லைக்கல்லுக்கு அப்பால் ஆற்றுமணலில் குடிசை போட்டுக்கொள்ள வேண்டும், சுவாமி பக்கம் தலைகாட்டக் கூடாது என்று தீர்த்துச் சொன்னார். நோயில்லாத மூக்கம்மாள் ஊரிலேயே இருக்கலாம் என்றார்கள். அந்த அம்மையார் பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு புருஷன் பின்னால் நடந்தார்.

ஓரிரு வருஷத்தில் நோய் அவர் கைவிரல்களைத் தின்று முடித்தது. எல்லைக்கல்லிலிருந்து பார்த்தால் சுவாமி சுண்டுவிரல் உயரம் தெரிவார். அதுவே போதும் என்று ஆவுடையார் மனத்தைத் தேற்றிக்கொண்டார். திருநீறு இல்லாததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. குற்றாலத்திடம் சொல்லி அனுப்பினார். திருநீறு கீழே சிந்தினால் ஊருக்கு ஆகாது, விரல் இல்லாத கையில் திருநீறு நிற்காது, அதனால் கொடுப்பதற்கில்லை என்று ஊர் பதில் சொல்லி அனுப்பியது. எப்படிப்பட்ட பதில் பாருங்கள். வயிறெரியாமல் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

அடுத்த கோடையில் மூக்கம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. கஞ்சி இறங்கவில்லை. மருத்துவரைக் கூப்பிட எல்லைக்கல்லில் நின்று ஆவுடையார் தொண்டை கிழியக் கத்தினார். யாரும் வரவில்லை. கடைசியில் அந்த அம்மையார் கணவரைக் கிட்டே கூப்பிட்டார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். என்னிக்காவது திருநீறு கிடைச்சா உங்களுக்கு ஒரு கீத்து, எனக்கு ஒரு கீத்து. மறந்துராதீங்க" என்றார்.

விரலற்ற கைகளாலேயே ஆவுடையார் மணலைத் தோண்டினார். எல்லைக்கல்லை ஒட்டி மனைவியைப் புதைத்து, மேடு கூட்டினார். வெறும் நெற்றியோடு அவரை அனுப்பிவிட்டோமே என்ற நினைப்பு அவரைத் தின்றது. அன்று முதல் அவர் வாயில் "நாதா"வுக்குப் பிறகு இன்னொரு சொல்லும் சேர்ந்துகொண்டது. "ரெண்டு கீத்து, நாதா. ரெண்டே கீத்து."

மாதக்கணக்காக இரவும் பகலும் இதையே சொல்லி அவர் புலம்ப, காற்று அதை ஊருக்குள் கொண்டுபோய்ப் போட்டது. மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல நாளில் இந்த ஒப்பாரி வேண்டாம் என்று ஊரார் முணுமுணுத்தார்கள். மாசானம் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, என்னதான் வேண்டும் என்று கேட்டார். மாசி மகத்தன்று ஒருநாள், தூரத்தில் இருந்தபடியே, பொழுது சாயும்வரை சுவாமியை வலம் வர அனுமதி வேண்டும் என்று ஆவுடையார் கேட்டார். வலம் வந்தால் சுவாமி மனம் இறங்குவார், எப்படியாவது அந்த இரண்டு கீற்றும் வரும் என்பது அவர் நம்பிக்கை.

ஊராருக்கு இதில் சந்தேகம் வந்தது. சுற்றுகிறேன் என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்துவிட்டால்? அதற்கு மாசானம் ஒரு வழி கண்டுபிடித்தார். பீடத்திலிருந்து எல்லைக்கல் வரைக்கும் நீளமாக ஒரு கயிறு. ஒரு முனை பீடத்தில், மறுமுனை ஆவுடையின் இடுப்பில். கயிறு விறைப்பாகவே இருக்க வேண்டும். தொய்ந்து மணலில் பட்டால் அவன் கிட்டே வந்துவிட்டான் என்று அர்த்தம். அந்த நிமிஷமே எல்லையை விட்டுக் கண்காணாமல் போய்விட வேண்டும். யாரோ தயங்கியதற்கு அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"செக்குமாடு ஆயுசு பூரா சுத்துது. உலக்கைகிட்ட ஒரு சாண் நெருங்கியிருக்கா?"

ஊர் ஒத்துக்கொண்டது. கயிற்றையும் ஆவுடைதான் திரிக்க வேண்டும், ஊர்க் கயிறு அவன் மேல் படக்கூடாது என்று சேர்த்துக்கொண்டார்கள். அவர் நாரைப் பல்லில் கடித்து, மொட்டைக் கையால் தொடையில் உருட்டி, மாசி மகத்துக்குள் அந்த நீளத்தையும் திரித்து முடித்தார். தொடையில் தோல் இல்லை. ஆனால் முகத்தில் அப்படி ஒரு களை வந்திருந்தது என்று சொல்வார்கள்.

மகத்தன்று ஊரார் காலையிலேயே கும்பிட்டு முடித்துக் கரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மாசானம் தன் கையாலேயே கயிற்றைப் பீடத்தின் இடுப்பில் கட்டினார். வளையமாகத் தளர்த்திக் கட்டினால் போதுமே என்றார் குற்றாலம். மாசானம் கேட்கவில்லை. தளர்வாக விட்டால் அந்த அளவுக்கு அவன் உள்ளே வந்துவிடுவான் என்று, பீடத்தோடு பீடமாக அசையாதபடி இறுக்கிக் கட்டினார். மறுமுனையில் ஆவுடையார் கால்விரலாலும் பல்லாலும் சுருக்குப் போட்டு, தலைவழியே இடுப்புக்கு இறக்கிக்கொண்டார். எல்லைக்கல்லை ஒட்டி நின்று, கயிறு விறைக்கும்வரை பின்னுக்குச் சாய்ந்து, நடக்கத் தொடங்கினார்.

பாசம் என்றால் கயிறு என்று பெரியவர்கள் சொல்வார்கள். உயிரைச் சுவாமியிடம் போகவிடாமல் கட்டிவைக்கும் கயிறு. அதே வேலைக்குத்தான் மாசானமும் கட்டினார். ஆனால் முளையில் கெட்டியாகக் கட்டிய மாடு சுற்றிச் சுற்றிக் கடைசியில் முளையோடு முகம் ஒட்டி நிற்பதை அந்த ஊரில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! அன்றைக்கு ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. மாசானத்துக்கு உலகமே செக்குதான். செக்கில் மாட்டைப் பூட்டிய கழி உலக்கையோடு சேர்ந்து சுழலும். மாடு அதே தூரத்தில் நிற்கும். இங்கே பீடம் சுழலவில்லை. ஆவுடையார் நடக்க நடக்கக் கயிறு பீடத்தைச் சுற்றிக்கொண்டது.

புறப்படும்போது அவர் பாதம் மூக்கம்மாளின் மேட்டை உரசியது. "வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நடந்தார். ஒரு சுற்று முடிந்து திரும்பி வந்தபோது மேடு காலில் தட்டுப்படவில்லை. நோய் கண்ணையும் மங்கச் செய்திருந்தது. அவர் காலால் துழாவினார். மேடு தள்ளிப் போயிருந்தது. அடுத்த சுற்றில் இன்னும் தள்ளிப் போயிற்று. மனைவியை விட்டு விலகுகிறோம், சுவாமியை நெருங்குகிறோம், சொன்ன சொல் தவறுகிறோம், ஊரை விட்டே துரத்தப் போகிறார்கள், இந்தச் சுண்டுவிரல் தரிசனமும் போகப் போகிறது என்று பயந்து, கரையைப் பார்த்துக் கயிறு குறைகிறதே என்று கூவினார். கயிறு விறைப்பாக இருக்கிறதா என்று மட்டும் மாசானம் கேட்டார். இருக்கிறது என்றார் இவர். அப்படியானால் நட என்று பதில் வந்தது. கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் கயிற்றைத்தான் பார்த்தார்கள். சிலர் செக்குமாட்டை ஓட்டுவதுபோல நாக்கைச் சொடுக்கிக் கேலியும் செய்தார்கள்.

வெயில் ஏறியது. கயிறு தொய்ந்துவிடக் கூடாதே என்று அவர் முழு உடம்பையும் வெளிப்பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்தார். சுருக்கு இடுப்பில் ஏறி, தோலை வெட்டி, சதைக்குள் புதைந்தது. சுவாமியிடமிருந்து விலகி நிற்கத் தன் பலத்தையெல்லாம் செலவழித்த பக்தர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒவ்வொரு சுற்றும் அவரைப் பீடத்தின் இடுப்புச் சுற்றளவுக்கு உள்ளே கொண்டுவந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுண்டுவிரல் உயரம் தெரிந்த சுவாமி முழ உயரமானார், ஆள் உயரமானார். மங்கிய கண்ணுக்கும் வில்வ மாலை தெரிந்தது. அவர் அழுதுகொண்டே நடந்தார்.

முதலில் விழித்துக்கொண்டவர் குற்றாலம். பீடத்துக்கு நான்கு ஆள் நீளத் தூரத்தில் ஆவுடையார் வருவதைக் கண்டு, மடியிலிருந்த திருநீற்றுத் தட்டோடு பதறி எழுந்தார். ஊரே கரையிலிருந்து இறங்கி ஓடிவந்து, கொஞ்சம் எட்டத்தில் அப்படியே நின்றது. ஏமாற்றிவிட்டாயே என்று மாசானம் இரைந்தார்.

ஆவுடையார் நின்றார். கயிறு அப்போதும் வில்நாண் போல விறைப்பாகத்தான் இருந்தது. "நான் கிட்ட வரலைய்யா. கயிறுதான் கூட்டிட்டு வருது" என்றார்.

வந்த வழியே திரும்பிச் சுற்று என்றார் மாசானம். குற்றாலம் காதைப் பொத்திக்கொண்டார். வலம் வந்தவர் சுவாமியை இடம் சுற்றினால் அந்த ஊரில் விளக்கு எரியாது என்பது அவர்கள் நம்பிக்கை. வெட்டிவிடு என்றார் ஒருவர். சுவாமியின் இடுப்பில் அரைஞாண் மாதிரி அடுக்கடுக்காகச் சுற்றியிருந்த கயிற்றில் அரிவாள் வைக்க ஒரு கையும் நீளவில்லை. அப்படியானால் அவன் இடுப்புச் சுருக்கை அவிழ்க்க வேண்டும். அதற்கு அவனைத் தொட வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆவுடையார் குற்றாலத்தின் கையிலிருந்த திருநீற்றுத் தட்டைப் பார்த்தார். இரண்டு கையையும் ஏந்தி, இரண்டு கீற்று கொடுத்தால் போதும், எங்கே போகச் சொன்னாலும் போய்விடுகிறேன் என்று கெஞ்சினார். குற்றாலம் மாசானத்தைப் பார்த்தார். மாசானம் தலையை ஆட்டவில்லை. குற்றாலம் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

அப்போதுதான் அந்த அடியாரின் மனம் உடைந்தது. இனி மனிதரிடம் கேட்பதற்கில்லை என்று தெரிந்துகொண்டார். "மூக்கு, என்னால முடியலடி" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். பிறகு மிச்சமிருந்த சுற்றுகளை, வலமாகவே, கயிறு தொய்யாமலே நடந்தார். கயிறு தீர்ந்தது. நெற்றி பீடத்தில் போய் முட்டியது. இடுப்புச் சுருக்கு இறுகி மூச்சு அடைத்தது.

முட்டிய அதிர்வில் சுவாமியின் முடிமேல் காலையில் சாத்திய திருநீறு சரிந்து அவர் நெற்றியில் விழுந்தது. ஒரு துகள் கீழே சிந்தவில்லை. அன்று முழுக்க இலை அசையாமல் இருந்த திடலில் ஒரு சிறு காற்று எழுந்து, முடியில் எஞ்சியிருந்ததை அள்ளிக்கொண்டு எல்லைக்கல் பக்கம் போயிற்று. அப்போது எல்லார் காதிலும் விழும்படி ஒரு குரல் கேட்டது. கோபமான குரல் இல்லை, களைத்த குரல்.

"முடிச்சை அவுக்க உங்கள்ல ஒருத்தன் இல்லையா?"

யாரும் அசையவில்லை. மாசானம் ஓர் அடி எடுத்து வைத்தார், கையை நீட்டினார், அது பாதியிலேயே நின்றுவிட்டது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போமோ, தெரியாது.

"அப்ப நானே அவுக்கிறேன்."

சுருக்கு தானாக விரிந்து பீடத்தடியில் விழுந்தது. சுருக்குக்குள் ஆவுடையார் இல்லை. நெற்றி பட்ட இடத்தில் கல்லில் ஈரம் மட்டும் இருந்தது.

மாசானம் மணலில் குப்புற விழுந்து அழுதார். பொழுது சாயும்போது ஊரார் அந்தக் காலடிச் சுவடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். எல்லைக்கல்லில் தொடங்கிப் பீடம்வரை ஒரே சுருள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே எங்கே அளந்தாலும் பீடத்தின் இடுப்புச் சுற்றளவு; ஓரிடத்திலும் அவர் தானாக உள்ளே கால் வைத்திருக்கவில்லை. சுவடு தொடங்கிய இடத்தில் மூக்கம்மாளின் மேடு இருந்தது. அதன் தலைமாட்டில் நீளமாக, வெள்ளையாக, ஒரு கீற்று.

கயிற்றை இன்றுவரை யாரும் பிரிக்கவில்லை. விலகி நின்ற தூரம் முழுவதையும் சுவாமி தம் இடுப்பில் சுருட்டி வைத்திருக்கிறார். தாமாக ஓர் அடியும் நெருங்காமல் சுவாமியைச் சேர்ந்த ஆவுடையாரின் அந்தப் புண்பட்ட பாதங்களை நாம் தொட்டுக் கும்பிடுவோம். அன்றைக்குத் தொடாமல் விட்டதற்கும் சேர்த்து.