கப்பலின் வாலைத் திருப்பினவன்

“எவனோ ஒரு களவாணிப் பய கப்பலத் திருப்பி வச்சிருக்கான். யாருன்னு எனக்குத் தெரியும். பேரச் சொல்ல மாட்டேன்.”

காலைச் சாயாவை ஒரே மடக்கில் முடித்துவிட்டுத் தொம்மை அண்ணாச்சி இப்படித்தான் ஆரம்பித்தார். சங்கிலி, நங்கூரம் எல்லாம் அவர் பொறுப்பு. பின்தளத்தில் அப்போது இருந்தது சமையல்கார மொகுதூமும் எலக்ட்ரீசியன் தனுஷ்கோடியும்தான். களவாணி நம்மில் யார் என்பதுபோல ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அது ஓடுகிற கப்பல் இல்லை. கடலடியிலிருந்து வரும் எண்ணெயை வயிற்றில் வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே மிதக்கிற கப்பல். மூக்கில் ஒரு பெரிய தண்டு. அந்தத் தண்டைச் சங்கிலிகள் கடலடி நங்கூரங்களோடு கட்டிப்போட்டிருந்தன. எண்ணெய்க் குழாயும், ரைசர் என்பார்கள், அந்தத் தண்டு வழியாகத்தான் ஏறும். முளையில் கட்டின மாடு மாதிரி, காற்று தள்ளுகிற பக்கம் கப்பல் வாலைத் திருப்பிக்கொள்ளும். கிழக்கே இருந்து கொண்டல் அடித்தால் வால் கரையைப் பார்க்கும். பின்தளத்தில் செல்போனுக்குச் சிக்னல் வரும். நேற்றுவரை கொண்டல். விடியும்போது மேற்கே இருந்து கச்சான் கிளம்பி, வால் நடுக்கடலைப் பார்த்துவிட்டது. மூக்குப் பக்கம் போய்ப் பேசலாமென்றால், அங்கே போனை எடுத்தவனை அடுத்த படகிலேயே ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். எண்ணெய் ஏறும் இடம். ஆபீஸ் போனோ பழுதாகிப் படுத்துக் கிடந்தது.

அண்ணாச்சி இன்றைக்குப் பேசியே ஆகவேண்டும். மணப்பாட்டில் பேத்திக்கு ஞானஸ்நானம். தன் ஆத்தா கித்தேரியம்மாவின் பேரை வைக்கவேண்டுமென்பது அவர் ஆசை. சம்பந்தி அம்மாளோ ஷெர்லின் என்று ஒரே பிடியாக நின்றாள். பூசைக்கு முந்தி போன் போட்டு அத்தையிடம் நீங்களே பேசி முடியுங்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். பேரத்தில் அண்ணாச்சி சொன்ன விலையிலிருந்து ஒரு பைசா இறங்கினதில்லை. அந்தப் பெருமையிலேயே வளர்ந்த ஆள். ஆனால் பேரம் எதிராளி காதில் விழவேண்டுமே.

காற்று திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான் என்றான் தனுஷ்கோடி.

அண்ணாச்சிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. காற்றாம் காற்று. முன்னே இருந்த கப்பலில் புயலடித்துச் சங்கிலியெல்லாம் தெறித்தபோது, கடைசிச் சங்கிலியை இடது கையால் பிடித்து நிறுத்தியது யார்? வலது கை என்ன செய்தது என்று மொகுதூம் கேட்டான். சாயா கிளாஸைப் பிடித்திருந்தது என்றார். ஒரு சொட்டுச் சிந்தவில்லையாம்.

அதே புயலில் ரைசர் முறுக்கிக்கொண்டதாம். மூச்சைப் பிடித்து அடியில் இறங்கிப் பார்த்தால், ஒரு ஆனைத்திருக்கை மீன் படுக்கிற இடத்தில் நங்கூரத்தைப் போட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் கடுப்பில் அது குழாயை வாலால் சுற்றிப் பிழிந்துகொண்டிருக்கிறது.

“நங்கூரத்த எடுன்னுச்சு. நான் விடுவனா? தனியாக் கெடக்கியே, சுறா வந்தா ஒனக்கு யாரு காவல்னு கேட்டேன். கடைசில அதுவே நங்கூரத்து மேல ஏறிப் படுத்துக்கிட்டு. இன்னைவரைக்கும் அந்தக் கப்பல் அசையல.”

“தண்ணிக்குள்ள எப்படிப் பேசுனீய?”

“அதுக்கு வெளங்குச்சு. ஒனக்குத்தான் வெளங்காது.”

இந்தக் கப்பலையே ஒருதரம் திருப்பியிருக்கிறேன் என்றார் அடுத்து. அன்றைக்கும் இதே கச்சான். மகளைப் பெண் பார்க்க வந்த நாள். வடத்தில் சுருக்குப் போட்டு வீசினாராம். சுருக்கு நேரே போய் மணப்பாட்டுக் கலங்கரை விளக்கத்தின் கழுத்தில் விழுந்தது. தம் பிடித்து இழுத்தார்.

“கப்பல் அசையல. சங்கிலி கட்டினது நாம்லா, அசையுமா? கரைதான் சுத்தி வந்துட்டு.”

அன்றைக்கு ஊரில் சூரியன் தெற்கே உதித்ததாம். கோயிலுக்கு வந்த சனம் பின்வாசல் வழியாக நுழைந்து சாமியாரின் முதுகைப் பார்த்தே பூசை கண்டதாம். பேசி முடித்ததும் கரையைப் பழையபடி வைத்துவிட்டார். ஒரே ஒரு பனை மட்டும் இன்னும் சாய்ந்தே நிற்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம்.

மொகுதூம் சாயா கிளாஸ்களைப் பொறுக்கி அடுக்கினான். “அப்பம் இப்பவும் லேசா இழுத்துவிடுங்க அண்ணாச்சி. எனக்கும் வீட்டுக்குப் பேசணும்.”

அண்ணாச்சி தன் கைகளைப் பார்த்தார். வடத்தை நேற்றுத்தான் ஸ்டோரில் வாங்கிவைத்துவிட்டார்கள் என்றார். போனைப் பார்த்தார். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஊரில் இந்நேரம் மணி அடித்திருப்பார்கள். சம்பந்தி அம்மாள் பிள்ளையைக் கையில் வாங்கியிருப்பாள்.

எழுந்து கம்பியோரம் போய், முகத்தில் அறைந்த கச்சானை முறைத்தார்.

“யோவ், திருப்பினவனே. ஒன்னத்தான். முழுசாத் திருப்பு.”

கச்சான் பாட்டுக்கு அடித்தது.

“சரி, பாதி திருப்பு.”

தனுஷ்கோடி சத்தமில்லாமல் தன் போனையும் எடுத்துத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்தான்.

“கால்வாசியாவது திருப்புய்யா. எங்க ஆத்தா பேரச் சொல்ல ஒரு கோடு போதும். நீ செஞ்சத நீயே சரி பண்ணு.”