அஞ்சு டைமண்ட்

கோயம்புத்தூரில் பிரிட்ஜ் சீட்டாட்டம் சொல்லிக்கொடுக்கும் எஸ்தர் டீச்சரைத் தேடி ஒரு நாள் காலையில் அருணகிரி வந்தார். டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் ஒன்பது வருஷமாக அருணகிரியும் மனைவி வேதவல்லியும் அவரிடம்தான் பாடம் கேட்டார்கள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரே ஜோடியாக ஆடினார்கள்.

அன்று அவர் தனியாக வந்திருந்தார்.

"வாங்க சார். உங்க ஆட்டத்தைப் பத்திக் சீட்டாட்டக் கழகத்துல காபி போடறவர்கூடப் பேசறார்" என்றார் டீச்சர்.

"பேசட்டும் டீச்சர். எனக்கு ஒரு புது முறை சொல்லிக் கொடுங்க. ஸ்லாம் கேக்கறதுல இனிமே தப்பே வரக் கூடாது."

பதிமூன்று பிடியில் பன்னிரண்டை எடுத்துக்காட்டுகிறேன் என்று ஏலம் சொல்வதுதான் ஸ்லாம். துணிவதற்கு முன்னால், "நாலு நோ-டிரம்ப்" என்று சொல்லி எதிரே இருப்பவரிடம் ஏஸ் எத்தனை என்று கேட்கலாம். "அஞ்சு கிளப்" என்று பதில் வந்தால் ஒன்றுமில்லை. "அஞ்சு டைமண்ட்" என்றால் ஒன்று.

"இருக்கற முறைக்கு என்ன குறை?" என்று கேட்டார் டீச்சர்.

"இறுதி ஆட்டத்துல அதுதானே காலை வாரிவிட்டுது."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"நாலு நோ-டிரம்ப்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அஞ்சு டைமண்ட்."

"உங்க கையில எத்தனை ஏஸ்?"

"ஒண்ணு."

"அப்போ ரெண்டு ஏஸ் வெளியே இருக்கு. அஞ்சு ஸ்பேடோட நிறுத்தியிருக்கணும்."

"கை அவ்வளவு அழகா இருந்துது டீச்சர். ஆறு ஸ்பேட்னு ஸ்லாமுக்கே போயிட்டேன்."

எதிரணி முதல் இரண்டு பிடியிலேயே இரண்டு ஏஸையும் வைத்தது. கோப்பை போயிற்று. வேதவல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சேலத்தில் மகள் வீட்டுக்குப் போனவள், மூன்று வாரமாகியும் வரவில்லை. போன் செய்தால் மகள்தான் எடுக்கிறாள்.

"ராஜாவையும் சேத்துக் கேக்கற முறை ஒண்ணு இருக்காமே. அதைக் கத்துக்கிட்டா அவளும் சமாதானமாயிடுவா" என்றார் அருணகிரி.

டீச்சர் ஒரு சீட்டுக்கட்டை எடுத்துப் பார்த்துப் பார்த்து நாலு பங்காக அடுக்கினார்.

"அம்மா நாற்காலியில உட்காருங்க."

அருணகிரி உட்கார்ந்தார்.

"நாலு நோ-டிரம்ப்" என்றார் டீச்சர்.

அவர் சீட்டைப் பார்த்தார். ஒரே ஒரு ஏஸ். "அஞ்சு டைமண்ட்."

"ஆறு ஸ்பேட்."

ஏலம் டீச்சர் பக்கம் நின்றது. முறைப்படி அருணகிரி தன் பதிமூன்று சீட்டையும் மேஜைமேல் பரப்பினார். இனி அவர் வாயே திறக்கக் கூடாது. அவர் சீட்டையும் எதிரணிச் சீட்டையும் டீச்சரே எடுத்து ஆடினார், தோற்றார்.

இரண்டாவது ஆட்டம். அருணகிரியிடம் ஏஸே இல்லை. "அஞ்சு கிளப்" என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.

"ஆறு ஹார்ட்" என்றார் டீச்சர். சீட்டைப் பரப்பிவிட்டு அருணகிரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார். அதுவும் தோற்றது.

மூன்றாவது ஆட்டத்தில் "நாலு நோ-டிரம்ப்" என்று கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர், "ஆறு ஸ்பேட்" என்றுவிட்டார்.

அருணகிரிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறீங்க? நான் என்ன சுவரா?"

டீச்சர் சீட்டைக் கீழே வைத்தார்.

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை அருணகிரி குனிந்த தலை நிமிரவில்லை.

"இப்போ இருக்கற வீடு வாங்கினப்பவும் அவளைக் கேட்டேன் டீச்சர். அடுக்களைக்கு ஜன்னல் இல்லையே, வேண்டாங்கன்னா. நான் கையெழுத்துப் போட்டுட்டு வந்துதான் கேட்டேன். பதினோரு வருஷமா அந்தப் புழுக்கத்துல நின்னுதான் சமைக்கறா. ஒரு நாள் குத்திக் காட்டினதில்லை."

"அம்மா நல்லா ஆடுவாங்க சார்" என்றார் டீச்சர். "பதில் சொல்றதுல ஒரு தடவைகூடத் தப்பினதில்லை."

அருணகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"புது முறை ஒண்ணும் வேண்டாம். எப்படியும் நாளைக்குச் சேலம் போறதாத்தான் இருந்தேன். நம்ம வீட்டுக்கு வர்றியான்னு அவளையே கேட்டுடறேன்."

"கேளுங்க. ரயில்லயா?"

"ஆமா. போக எனக்கு ஒரு டிக்கெட். திரும்பி வர..."

அவர் நிறுத்திக்கொண்டார். கை தானாகச் சட்டைப் பையை மூடியது.

"திரும்பி வர எத்தனை டிக்கெட் எடுத்திருக்கீங்க சார்?"

அருணகிரி பையிலிருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் பரப்பினார்.