கொம்பையா கண்ணில் படாத ஆறு

அந்தக் காலத்தில், யானையும் எறும்பும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த போது, ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு எறும்பு நாடுகள் இருந்தன. ஒன்று வடகரை, மற்றொன்று தென்கரை. இரண்டிலும் இருந்தவை அதே கறுப்புப் பிள்ளையார் எறும்புகள்தான். ஆனால் அப்படிச் சொன்னால் இரு பக்கமும் கடிக்க வரும்.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்து இரண்டு நாட்டுத் தானியக் குழிகளும் அழுகிப்போயின. அந்தச் சேதி மலைநாட்டு யானை கொம்பையாவின் காதுக்கு எட்டியது. அவருக்கு உடம்பு எவ்வளவு பெரியதோ மனசும் அவ்வளவு பெரியது. யாராவது பட்டினி என்று கேள்விப்பட்டால் சோறு இறங்காது. முதல் நாள் துதிக்கை நிறைய நொய்யரிசி கொண்டுவந்து வடகரையில் கொட்டினார். மறுநாள் பெரிய கருப்பட்டி ஒன்றைத் தென்கரையில் வைத்தார். "சாப்பிடுங்க பிள்ளைகளா" என்று சொல்லிவிட்டு அசைந்து அசைந்து போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், வடகரைக் காவல் எறும்பு எருக்கஞ்செடியில் ஏறி எட்டிப் பார்த்தது. "ஐயோ, அவங்களுக்கு மலை மாதிரி கருப்பட்டி! நமக்கு வெறும் நொய்!" என்று கத்தியது. தென்கரைக் காவலும் சும்மா இருக்குமா? "அவங்களுக்குக் குவியல் குவியலா அரிசி! நமக்கு ஒத்தைக் கட்டி!" என்று அங்கிருந்து ஓலமிட்டது. அப்புறம் இரு கரையிலும் வேலை ஓடவில்லை. வளை தோண்ட வேண்டியவர்களெல்லாம் செடி உச்சியில் இருந்தார்கள்.

வடகரையில் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டவள் மிளகி. அவளுக்கும் கோபம்தான், ஆனால் அவள் கோபம் வேறு. காய்ந்த நொய் குஞ்சுகளின் தொண்டையில் இறங்கவில்லை. மூன்று நாளில் முன்னூறு குஞ்சுகளும் துவண்டு கிடந்தன. கடைசிக் குஞ்சுக்கு வாயைத் திறக்கக்கூடத் தெம்பில்லை. 'கருப்பட்டியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு என் பிள்ளைகளை இப்படி வஞ்சித்துவிட்டாரே' என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

கொம்பையாவிடம் நியாயம் கேட்பதென்று வடகரைக் கூட்டம் முடிவு செய்தது. அதற்குமுன் கருப்பட்டி எவ்வளவு பெரியது என்று ஆள் போய் அளந்து வர வேண்டும். "நான் போறேன்" என்றாள் மிளகி. வழிச்சாப்பாட்டுக்கு ஒரு நொய்யைக் கவ்விக்கொண்டு, ஆற்றின் குறுக்கே கிடந்த ஈர்க்குப் பாலத்தில் ஏறினாள். இரு நாட்டாரும் அதுவரை அந்தப் பாலத்தில் கால் வைத்ததில்லை.

நடுப்பாலத்தில் எதிரே ஒருத்தி வந்தாள். தென்கரைக் கடுகாயி. வாயில் கருப்பட்டித் துணுக்கு. அரிசி எத்தனை என்று எண்ணி வர அவளை அனுப்பியிருந்தார்கள்! ஈர்க்கில் ஒதுங்க இடமேது? முகத்தோடு முகம் மோதியது. ஈரக் கருப்பட்டியில் நொய் போய் ஒட்டிக்கொண்டது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள், பிரியவில்லை. கடைசியில் அதை ஈர்க்கின்மேல் இறக்கி வைத்துவிட்டுச் சண்டையைத் தொடங்கினார்கள்.

"ஏளா, வழியை விடு. கருப்பட்டி தின்ன கொழுப்பா?" என்றாள் மிளகி.

"கொழுப்பா?" கடுகாயியின் குரல் உடைந்தது. "எங்க குஞ்சுகளை வந்து பாரு. இனிப்பையே நக்கி நக்கி வயித்தால போகுது. நேத்து ரெண்டு குஞ்சு கண்ணே திறக்கல. ஒரு பருக்கை சோத்துக்கு ஏங்கிப்போய்க் கிடக்கோம். நீங்கதான் அரிசி மேல படுத்துக் கிடக்கீங்க."

இவளும் குஞ்சுகளைப் பார்க்கிறவள்தானா? மிளகி குனிந்து கீழே பார்த்தாள். கருப்பட்டி ஈரத்தில் ஊறி அந்த நொய் பஞ்சாகியிருந்தது. ஒரு வாய் கடித்தாள். வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. மறுவாயைக் கடித்தவள், என்ன நினைத்தாளோ, அதைக் கடுகாயியின் வாயில் ஊட்டினாள்.

"மதினி, உன் பிள்ளைகளைப் பட்டினி போடாதே. ஓடு, அரிசி அனுப்புறேன்" என்றாள்.

"நானும் அனுப்புறேன் மதினி" என்று அழுதுகொண்டே ஓடினாள் கடுகாயி.

பொழுது சாய்வதற்குள் பாலத்தில் இரண்டு வரிசைகள் ஓடின. மிளகியின் கடைசிக் குஞ்சு இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, மூன்றாவதற்கு அடம் பிடித்தது.

நான்கு நாள் கழித்துக் கொம்பையா வந்தார். இரு கரையாரும் ஓடிவந்து கூடினார்கள். மனசில் கிடந்ததை மிளகி கேட்டேவிட்டாள்: "ஐயா, ரெண்டு நாட்டுக்கும் ஏன் வேற வேற கொடுத்தீங்க?"

"ரெண்டு நாடா? எங்கே தாயி?"

"இந்தப் பக்கம் வடகரை. ஆத்துக்கு அந்தப் பக்கம் தென்கரை."

கொம்பையா முன்னங்கால்களை மடித்து, தலையைத் தரையோடு வைத்து, ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் தேடினார்.

"எந்த ஆறு? இங்க ஒரு வண்டிச் சக்கரத் தடத்துல கொஞ்சம் தண்ணிதானே நிக்குது? தாயி, நான் ஒரே வீடுன்னுல்லா நினைச்சேன்! ஒரு நடைக்கு ஒண்ணுதான் தூக்க முடிஞ்சுது. அதான் முதல்ல அரிசி, அப்புறம் அதுக்குத் தொட்டுக்கக் கருப்பட்டி."

எறும்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முதலில் கடுகாயிக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

அன்று முதல்தான், எதிரெதிரே வரும் எறும்புகள் எவ்வளவு அவசரமானாலும் ஒரு நொடி நின்று, முகத்தோடு முகம் வைத்து, "மதினி, உன் பிள்ளைகள் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகின்றன.