பச்சோந்தி பிடித்து வைத்த சிவப்பு

குளக்கரை மருத மரத்தடியில் ஒரு வண்ணப்பட்டறை இருந்தது. அங்கே தூக்கணாங்குருவி துணி நெய்யும். அணில் சாயம் கலக்கும், தன் வாலையே தூரிகையாக்கிப் பூசவும் செய்யும். பச்சோந்திக்கு நிறம் பிடித்து வைக்கும் வேலை.

அது என்ன வேலை என்கிறீர்களா? யாராவது வந்து ஒரு பூவைக் காட்டி, "இந்த நிறம் வேண்டும்" என்பார்கள். பச்சோந்தி அந்தப் பூவின் மேல் உட்கார்ந்து நிறத்தை உடம்பில் வாங்கிக்கொள்ளும். சாயத்தை முன்கூட்டியே கலந்து வைத்தால் கெட்டுவிடும். ஆகவே துணி நெய்து முடியும்வரை நிறம் பச்சோந்தியிடம் பத்திரமாக இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான். அது பட்டறையின் வழக்கம்.

பச்சோந்திக்கு அந்தப் பட்டறை என்றால் உயிர். "நிறம் மாறுகிற பயலை எப்படி நம்புவது?" என்று காடே கதவைச் சாத்தியபோது, "வா, எங்களுக்கு நீதான் வேண்டும்" என்று சேர்த்துக்கொண்டது தூக்கணாங்குருவி. இந்த இடமும் போய்விட்டால் வேறு போக்கிடம் இல்லையே என்ற பயம் பச்சோந்திக்கு உள்ளூர உண்டு. அதனால் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டும்.

பங்குனி பிறந்தது. காட்டில் எங்கே பார்த்தாலும் கல்யாணம்!

முதலில் இருவாச்சிப் பறவை வந்தது. "என் பெண்ணின் கல்யாணப் பந்தலுக்குத் திரை வேண்டும். அதோ, அந்த முருக்கம்பூச் சிவப்பு!"

அது அந்தப் பருவத்தின் கடைசிப் பூ. பச்சோந்தி சிவப்பை வாங்கிக்கொண்ட மறுநாளே பூ காற்றில் உதிர்ந்து, குளத்தில் விழுந்து அழுகிப்போயிற்று. தூக்கணாங்குருவி தலை நிமிராமல் நெய்யத் தொடங்கியது.

அடுத்து கரடி வந்தது. "என் குகை வாசலுக்குத் தேன் நிறத்தில் ஒரு திரை!"

"ஆகட்டும்!" என்றது பச்சோந்தி.

நீர்நாய் வந்தது. "என் ஓடத்துப் பாய்க்குக் குவளை நீலம். கிடைக்குமா?"

"அதற்கென்ன, பேஷாக!"

இப்போது பச்சோந்தியின் தலையில் சிவப்பு, முதுகில் தேன் நிறம், வாலில் நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அணிலுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"அண்ணே, மூன்றும் தாங்குமா? ரெண்டு பேரை அடுத்த மாசம் வரச் சொல்லலாமே!"

"இதெல்லாம் ஒரு பாரமா? நீ உன் வேலையைப் பாரு தம்பி!"

கண்ணை மூடினால் நிறம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே பச்சோந்தி தூங்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள்! ஏழாம் நாள் நடுப்பகலில், இதமான மர நிழலில், பாவம், அசந்துவிட்டது.

விழித்துப் பார்த்தால் தலையிலிருந்து வால்வரை ஒரே குழப்பம். தேனும் நீலமும் மறுபடி கிடைக்கும். போன சிவப்புக்கு எங்கே போவது?

"அண்ணே, திரை ரெடி! சிவப்பைக் காட்டுங்க!" என்று ஓடி வந்தது அணில்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நினைவில் இருந்ததைக் கொண்டு குத்துமதிப்பாக ஒரு நிறத்தைக் காட்டியது பச்சோந்தி. அணில் அப்படியே கலந்து, முதல் முழத்தைப் பூசி உலர்த்தியது. உலர்ந்தபின் அது அசல் கத்திரிப்பூ நிறம்!

அந்த நேரம் பார்த்து இருவாச்சி வந்து சேர்ந்தது. "நாளை மறுநாள் கல்யாணம்! என் பெண்ணைக் கத்திரித் தோட்டத்திலா உட்கார வைப்பேன்? சாயம் கலந்தது யார்?"

பச்சோந்தி சட்டென்று மருத மரத்தில் ஒட்டிக்கொண்டு பட்டையோடு பட்டையானது. யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

"நான்தாங்க கலந்தேன்," என்றது அணில். "காட்டின நிறத்தைத்தான் கலந்தேன். என் கண்ணுதான் கெட்டுப்போச்சு போலிருக்கு. இனிமே நான் சாயத்தைத் தொடவே மாட்டேன்."

அடுத்த துணியை நெய்துகொண்டிருந்த தூக்கணாங்குருவி தறியை நிறுத்தியது. அணில் தன் சாயக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தது.

அப்படியே இருந்திருந்தால் பச்சோந்தி தப்பித்திருக்கும். ஆனால் கவிழ்ந்த கிண்ணங்களைப் பார்க்கப் பார்க்க அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டையை விட்டு இறங்கி நடுவில் வந்து நின்றது.

"தம்பி மேல் தப்பில்லை! நான் தூங்கிட்டேன். சிவப்பைத் தொலைச்சிட்டேன். மூன்று நிறத்தைத் தாங்க முடியாதுன்னு சொன்னா என்னை அனுப்பிடுவீங்களோன்னு பயந்து மறைச்சிட்டேன்!"

சொல்லச் சொல்ல அதற்கு அவமானம் பிடுங்கித் தின்றது. தலை சிவந்தது. முதுகு சிவந்தது. வால் நுனிவரை சிவந்தது.

இருவாச்சி கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தது. "அட! இதுதான்! இதே சிவப்புதான்!"

"அண்ணே, அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டே அணில் கிண்ணத்தை நிமிர்த்தியது. "நான் கலந்து முடிக்கிறவரைக்கும் வெட்கப்பட்டுக்கிட்டே இருங்க!"

கெட்டுப்போன முழத்தைத் தூக்கணாங்குருவி கத்தரித்து எறிந்தது. கல்யாணத்தன்று பந்தலில் திரை பளபளவென்று தொங்கியது.

"உன்னை அனுப்பினால் எனக்கு யார் நிறம் பிடிப்பார்கள்?" என்று மட்டும் கேட்டது தூக்கணாங்குருவி. அன்று பச்சோந்தி நிம்மதியாகத் தூங்கியது. மறுநாள் கரடியிடமும் நீர்நாயிடமும் தானே போய், "உங்கள் நிறம் கலந்துபோயிற்று. ஒரு நேரத்தில் ஒன்றுதான் தாங்கும், அடுத்த மாதம் ஒருவர்பின் ஒருவராக வாருங்கள்" என்றது. கரடி கொஞ்சம் முணுமுணுத்தது, அவ்வளவுதான்.

முடியாததற்கெல்லாம் தலையாட்டுவதைவிட, முடியாது என்று முதலிலேயே சொல்வதுதான் கூட வேலை செய்பவர்களுக்கு நாம் செய்யும் பெரிய உதவி.