வெள்ளெருக்கூரின் நாலு பேர்

செங்கோட ராஜாவின் சபைக்கு ஒரு நாள் காலையில் ஒரு பெண் தனியாக வந்து நின்றாள். பெயர் பூவாயி. வெள்ளெருக்கூரில் நூலுக்குச் சாயம் தோய்க்கிறவள். கல்யாணமான வருஷமே புருஷனைப் பாம்புக்குப் பறிகொடுத்துவிட்டு அப்பன் வீட்டுக்குத் திரும்பியவள். விரல் நகமெல்லாம் அவுரி நீலம்.

"என்னம்மா குறை?" என்றார் ராஜா.

"மகாராஜா, எங்க ஊர் நெசவாளி மருதன் என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்றார். எனக்கும் சம்மதம். எங்க அப்பாவுக்கும் சம்மதம்."

"அப்புறம் என்ன? விதவைகள் மறுமணம் செய்யலாம் என்று நானே சட்டம் போட்டிருக்கிறேனே!"

"சட்டம் சரிதானுங்க. நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு அப்பா பயப்படறார். ஆடி கழிஞ்சதும் என்னைத் தூரத்துல இருக்கிற அத்தை வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க அனுப்பப் போறாராம்."

ராஜாவுக்கு மீசை துடித்தது. "என் சட்டத்தை நாலு பேர் தடுக்கிறார்களா? யார் அவர்கள்?"

"தெரியாதுங்க. யாரும் பார்த்ததில்லை. ஊரே அவங்களுக்குத்தான் பயப்படுது."

மந்திரி தண்டபாணி தொண்டையைக் கனைத்தார். சபையின் சாதுர்யக்காரரான அம்பலவாணர் மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை.

"மகாராஜா, கண்ணுக்குத் தெரியாதவர்களைப் பிடித்து வர நம் அம்பலவாணரை விட்டால் யார்? முடியாவிட்டால் பதவியை விட்டுப் போகட்டும்."

இருந்த கோபத்தில் ராஜாவும் தலையாட்டிவிட்டார். "அம்பலவாணரே, பௌர்ணமிக்குள் அந்த நாலு பேரும் இங்கே நிற்க வேண்டும்."

அம்பலவாணர் வெள்ளெருக்கூருக்குப் போய்த் தண்டோரா போட்டார். "ஊராரின் நல்ல காரியங்களைத் தடுக்கிற நாலு பேரை ராஜா விசாரிக்கப் போகிறார்! உடனே முன்னால் வரவும்!"

தெருவில் ஒரு கதவு பாக்கியில்லாமல் சாத்திக்கொண்டது. கோயில் தர்மகர்த்தா வைத்தியலிங்கத்தின் வீட்டுக் கதவை அம்பலவாணர் தட்டினார்.

"நானா? ஐயையோ! எனக்கு எதுக்குங்க ஊர் வம்பு? நாலு பேர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்."

ஜவுளிக்கடை ரங்கநாதம் தான் இல்லை என்று சத்தியமே செய்தார். ஜோசியர் நீலமேகம் புழக்கடை வழியாக ஓடிவிட்டார்.

அம்பலவாணர் சலிக்கவில்லை. தண்டோராக்காரரை மறுபடி கூப்பிட்டார். "வெள்ளெருக்கூரின் மானத்தைக் கட்டிக் காக்கிற அந்த நாலு பேருக்கு ராஜா சரிகைச் சால்வையும் பட்டமும் தருகிறார்! தக்க ஆதாரத்தோடு பௌர்ணமியன்று சபைக்கு வரவும்!"

பௌர்ணமியன்று சபையில் கால் வைக்க இடமில்லை. ஊரே வந்திருந்தது.

"கொல்லர் வீட்டுப் பெண் ஏடு படிக்கப் போச்சே, அதை நிறுத்தினது யாருங்க? நான்தான்!" என்று நெஞ்சைத் தட்டினார் வைத்தியலிங்கம்.

"அதென்ன பெரிசு? கூத்துக் கட்டப் போறேன்னு ஒரு பையன் கிளம்பினான். அவங்க அம்மாவை அழ வெச்சே திருப்பி இழுத்தேன்," என்றார் ரங்கநாதம்.

"பூவாயி விஷயத்தை முதல்ல கிளப்பினது அடியேன்," என்று ஜோசியர் முந்தினார்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள் பருத்த தேகத் தங்கம்மாள். "போங்கய்யா! குளத்தங்கரையில நான் சொல்றதைத்தான் இவங்க ஊர் பூரா சொல்றாங்க. எனக்கில்லாத சால்வையா?"

சால்வையின் சரிகையைப் பார்த்துக்கொண்டே இருந்த மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, வெள்ளெருக்கூர் அடியேன் பிறந்த ஊர். அங்கே இந்த நாலு பேர் வழக்கத்தை ஆரம்பித்ததே எங்கள் குடும்பம்தான்!"

ஓரமாக நின்ற பூவாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இத்தனை காலம் ஏதோ பேய் பிசாசு என்று நினைத்துப் பயந்தவள். எல்லாம் தெரிந்த முகங்கள். பாதிப் பேர் இடுப்பில் இருந்தது அவள் தோய்த்த சாயம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் அவள் அப்பா சடையப்பர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இவங்களுக்காம்மா நான் பயந்தேன்?"

அம்பலவாணர் ராஜாவை வணங்கினார். "நாலு பேரைக் கேட்டீர்கள். நானூறு பேர் வந்துவிட்டார்கள். ஆதாரம் பலமாக உள்ள நாலு பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம்."

மந்திரி, தர்மகர்த்தா, ஜவுளிக்கடைக்காரர், ஜோசியர் நால்வர் தோளிலும் சால்வை விழுந்தது. சபை கைதட்டியது.

"பட்டம் வந்தால் வேலையும் வரும் அல்லவா? பூவாயி கல்யாணத்துக்குப் பல்லக்குத் தூக்க நாலு பேர் தேவைப்படுகிறார்கள்," என்றார் அம்பலவாணர்.

மந்திரியின் முகம் வெளுத்தது.

"அப்படியே ஆகட்டும். இது என் ஆணை!" என்றார் ராஜா.

ஆவணி முகூர்த்தத்தில் மருதன் பூவாயிக்குத் தாலி கட்டினான். பல்லக்கில் இருவரும் ஏறினார்கள். தங்கம்மாளுக்குச் சால்வை கிடைக்காத மனத்தாங்கல். அம்பலவாணர் அவளைக் கைகாட்டி அழைத்தார். "நாலு பேருக்கும் சொல்லிக் கொடுக்கிற நீங்கள் கீழே நிற்கலாமா அம்மா? மேலே ஏறி உட்காருங்கள்."

அவளும் ஏறிக்கொண்டாள். உச்சி வெயிலில் ஊர்வலம் எல்லாத் தெருவும் சுற்றியது.

மறுநாள் ராஜா ஆவலோடு கேட்டார். "என்னய்யா, கல்யாணம் முடிந்ததா? நாலு பேர் என்ன சொன்னார்கள்?"

"'தோள் மாற்றிக்கொள்ள யாராவது வாங்களேன்' என்று சொன்னார்கள், மகாராஜா."

"ஊரில்தான் நானூறு பேர் இருக்கிறார்களே! யாரும் வரவில்லையா?"

"அந்த நாலு பேரில் நாங்கள் இல்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார்கள்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட்டார். மந்திரிக்கும் சிரிக்கத்தான் ஆசை. நிமிர்ந்து உட்கார முடியவில்லை.