தூசு இல்லாத பட்டணத்துப் பிள்ளைகள்

மலைகளெல்லாம் சின்னப் பிள்ளைகளாக இருந்த அந்தக் காலத்திலே, வெண்தளம் என்று ஒரு பட்டணம் இருந்தது. அதன் ராஜாவுக்குத் தூசு என்றாலே ஆகாது. மாயாவி ஒருவனை அழைத்து, "என் பட்டணத்தில் ஒரு பிடி மண்கூட இருக்கக் கூடாது" என்றான். மாயாவி தோளில் கிடந்த வெள்ளைத் துணியை ஒரு வீசு வீசினான். வீதி கல்லாயிற்று, முற்றம் கல்லாயிற்று, குளத்தங்கரை கல்லாயிற்று.

அதோடு நிற்கவில்லை. மண்ணையே மிதிக்காத பிள்ளைகளின் கால்களும் விரலிலிருந்து மெல்ல மெல்லக் கல்லாயின. முழுக்கக் கல்லாகிப் போன பிள்ளைகளுக்கு, பனிக்காலத்தில் அம்மாக்கள் போர்வை போர்த்தினார்கள்.

பூமயிலின் தம்பி சாத்தனுக்கு ஆறு வயசு. ஒருநாள் காலையில் அவன், "அக்கா, என் கட்டைவிரல் தூங்கிட்டே இருக்கு" என்றான். தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

ராஜா பதறி மாயாவியைக் கேட்டான். மாயாவி சிரித்தான். "காட்டில் போய் மண்ணில் படுக்கட்டும். மண் ஏற்றுக்கொண்டால் கல் கரையும். ஆனால், ராஜாவே, உங்கள் பிள்ளைகளுக்கு அது வராது."

கல்விரல் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் மாட்டுவண்டி ஏறினார்கள். பெரியவள் என்று பூமயிலும் கூடப் போனாள். காட்டில் மூன்று கூடாரம் அடித்தார்கள். உடனே என்ன செய்தார்கள்? பெருக்கினார்கள், துடைத்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். மேலே கம்பளம் விரித்துப் படுத்தார்கள்.

அந்தி மயங்கும் நேரம், ஓட்டு வீடு ஒன்று நடந்து வருவதுபோல, உடம்பெல்லாம் செதிலாக, எறும்பு தின்னும் ஓர் அலுங்கு வந்தது. "ஏம்மா பட்டணத்தம்மா, எறும்பையெல்லாம் வாரிக் கொட்டிட்டியே, ராத்திரிக்கு நான் என்ன பன்னீரா குடிக்கிறது?" என்றது.

"ஐயோ, எறும்பு கடிக்குமே!" என்றாள் பூமயில்.

"என்னையும் பெருக்கிடாதே, தாயே" என்று சொல்லிவிட்டுப் போனது.

விடிந்தபோது கல் சாத்தனின் கணுக்காலுக்கு ஏறியிருந்தது.

இரண்டாம் நாள் கம்பளத்தைச் சுருட்டினார்கள். ஆனால் பழக்கம் விடுமா? பெருக்கினார்கள், துடைத்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். விடிந்தபோது கல் இடுப்புக்கு ஏறியிருந்தது.

"இன்னிக்கு நெஞ்சுக்கு வந்துடுமா அக்கா?" என்றான் சாத்தன். பூமயில் துடைப்பத்தை எடுத்தாள். அழுகை வந்தால் அவளுக்குப் பெருக்கத்தான் தெரியும்.

குப்பையைக் கொட்டப் போனவள் அப்படியே நின்றாள். இரண்டு நாளாய்க் கொட்டிய குவியலில் ஒரு விதை முளைத்திருந்தது. எறும்புகள் முட்டை சுமந்து ஊர்வலம் போயின. சருகுக்கடியில் ஏதோ மூச்சுவிட்டது. திரும்பிக் கூடாரத்தைப் பார்த்தாள். உள்ளே தரை வெள்ளைவெளேரென்று கல்லாய் மின்னியது.

"சாத்தா, நம்ம ஊரையே நாம இங்க கொண்டுவந்து விரிச்சிருக்கோம்டா!"

துடைப்பத்தை அடுப்பில் போட்டாள். கூடாரங்களைப் பிடுங்கிச் சருகு கிடந்த இடத்தில் அடித்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிவந்து கிடத்தினாள்.

அன்று மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் ஒழுகியது. பிள்ளைகள் முதலில் வீரிட்டார்கள், பிறகு முனகினார்கள், பிறகு காது கொடுத்தார்கள். இலை இலையாய்த் தாவி மழை அவர்களிடம் இறங்கி வந்தது. மண் வாசனை மூக்கில் ஏறிக் கனவுக்குள் போயிற்று. தவளைகள் கூப்பிட, தூரத்து ஓடை பதில் சொல்லியது. பிள்ளைகள் சேற்றில் புதைந்து உறங்கினார்கள். காற்று கூடாரத்தைக் கொண்டுபோய்விடாமல், பூமயில் மட்டும் செருப்புக் காலோடு கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிழக்கு வெளுக்கும்போது ஒரு குரல்: "அக்கா... கூசுது!"

சாத்தனின் உள்ளங்காலில் மண்புழு ஒன்று நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"எங்க கூசுது? சொல்லு, எங்க?"

"கால்லதான்! எடுக்காத, எடுக்காத!"

பன்னிரண்டு பேரும் சேற்றுக் காலோடு பட்டணத்துக்குள் ஓடினார்கள். மிதித்த இடமெல்லாம் கல் வெடித்துப் புல் எட்டிப் பார்த்தது. மாயாவி துணியோடு துரத்தி வந்து துடைத்தான். துடைக்கத் துடைக்கத் துணி சிறுத்தது, துணியோடு அவனும் சிறுத்தான். கடைசியில் ஓர் அழுக்குத் துளி ஆனான். அதையும் மண் குடித்துவிட்டது. பூமயில் குடத்தில் கொண்டுவந்த சேற்றைக் கல்பிள்ளைகளின் பாதத்தில் பூசினாள். போர்வைகள் ஒவ்வொன்றாக அசைந்தன. அம்மாக்கள் போட்ட கூச்சலில் ராஜாவே செருப்பில்லாமல் ஓடிவந்தான். இனி வருஷந்தோறும் பிள்ளைகளுக்குக் காட்டில் கூடாரம் என்று அங்கேயே ஆணையிட்டான்.

எல்லாருக்கும் கரைந்தது. மண்ணில் படுக்காமல் நின்றவளுக்கு மட்டும், எப்போது கல்லானதென்று தெரியாத இடது கால் சுண்டுவிரல் கல்லாகவே தங்கிவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாத்தன் மட்டும் கண்டுபிடித்துவிட்டான். வருஷா வருஷம் காட்டுமழையில் அவள் கால் நீட்டி உட்காரும்போது, "கூசுதா அக்கா?" என்பான். "இல்லடா" என்பாள்.

ஏழாவது வருஷம், கூடாரம் ஒழுகிய ஒரு வேளையில், அவன் கேட்பதற்கு முன்பே அவள் சிரித்துவிட்டாள்.

அவள் சிரித்த இடத்தில் என் கதையும் நனைந்துவிட்டது. காயட்டும்.