வந்த நாளில் இருந்தபடி

சமையலறைச் சுவரில் டீ டிகாஷனைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தான் நாகர்கோவில் எட்வின். கையில் ஷேவிங் பிரஷ். கறை நண்டு வடிவத்தில் வர வேண்டும். பின்னால் குணாளன், கைபேசியில் பழைய படத்தை நீட்டிப் பிடித்தபடி, "இடது கொடுக்கு இன்னும் கொஞ்சம் பெருசு" என்றான்.

மாசிலாமணி அடுப்பின் மேல் பாலைப் பொங்கவிட்டுத் தீய்த்துக்கொண்டிருந்தான். படத்தில் அங்கே ஒரு கருப்பு வளையம் இருந்தது.

விடுதிக் கடிதம் தெளிவாக இருந்தது. அவர்கள் வந்த நாளில் வீடு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். இருந்தால் அடுத்த ஆண்டுக்கும் சாவி, இல்லையென்றால் வீடு வேறு ஆட்களுக்கு. கிளாஸ்கோவின் அந்த மாணவர் விடுதியில், கடுகு தாளித்தாலும் அலாரம் அலறாத சமையலறை அது ஒன்றுதான். அதை விட்டால் ஓராண்டு முழுக்க ரொட்டியும் ஜாமும்தான். மூவருமோ விவரம் புரியாமல் வீட்டைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தமாக்கித் தொலைத்திருந்தார்கள்.

நல்லவேளை, குணாளன் சட்டம் படிக்கிறவன். வந்திறங்கிய அன்றே சாட்சிக்கு ஒன்பது படங்கள் எடுத்து வைத்திருந்தான்.

ஐந்தாவது படத்தில், ஹீட்டருக்கு அடியில் யாருடையதோ ஒற்றை நீல சாக்ஸ் கிடந்தது. அதை எப்போதோ குப்பையில் போட்டாயிற்று. கடைக்குப் போய் ஒரு ஜோடி வாங்கி வந்தார்கள்.

"இதுல எதைப் போடணும்? வலதா, இடதா?" என்றான் எட்வின்.

"சாக்ஸுக்கு ஏதுடா வலது இடது?" என்றான் மாசிலாமணி.

"போட்டதுக்கப்புறம் உண்டு மக்கா. பெருவிரல் பக்கம் தேயும்லா."

மாசிலாமணி ஒற்றைச் சாக்ஸை வலது காலில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் நாற்பது முறை ஏறி இறங்கினான்.

ஒன்பதாவது படம்தான் சிக்கல். அதில் ஜன்னலோரம் மாசிலாமணியே நின்றிருந்தான். தலையில் குரங்குக் குல்லா, கையில் கயிறு கட்டிய பெட்டி, கண்ணில் நீர்.

"நான் எதுக்குடா நிக்கணும்? நான் என்ன வீட்டுச் சாமானா?"

"அன்னைக்கு வீட்டுக்குள்ளதானே இருந்தே?" என்றான் குணாளன்.

"இருந்தேன்."

"அப்ப நீயும் இருந்தபடி இருக்கணும்."

சட்டம் அப்படித்தான் போலும் என்று மாசிலாமணி குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டான். அவன் படிப்பது புள்ளியியல்.

"அழுகைக்கு?"

"வெங்காயம் இருக்கு. ஆனா படத்துல வாய் மூடியிருக்கு, பாரு. என்ன ஆனாலும் திறந்துடாதே."

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தலைகாட்டும் மேலாளர் திருமதி மெக்லீன் பதினொரு மணிக்கு வந்தார். நண்டைப் பார்த்தார். பழைய குறிப்பேட்டைப் புரட்டினார்.

"போன வருடமே இதற்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டும்" என்றார். ஹீட்டருக்கு அடியில் குனிந்து, "இதுவுமா?" என்று வருத்தப்பட்டார். எட்வின் அடக்கத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டான்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இவர் இன்றைக்குத்தான் வந்தாரா?"

"எல்லா விதத்திலும் அப்படித்தான்" என்றான் குணாளன், வழக்கறிஞரின் கவனத்தோடு.

"உன் பெயர் என்னப்பா?"

மாசிலாமணி வாயைத் திறக்கவில்லை. கண்ணீர் தாராளமாக வந்தது.

"பாவம், முதல் நாள் எல்லோருக்கும் இப்படித்தான். ஆனால் இது மூன்று பேருக்கான வீடு, இடமில்லை. எதிர்க் கட்டடத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது, வா."

ஒரு கையில் பெட்டியையும் மறு கையில் மாசிலாமணியையும் பிடித்துக்கொண்டார். போகுமுன் பெட்டியை இறக்கிவிட்டு மூன்று சாவிகளை மேசைமேல் வைத்தார்.

"மூன்றாவது சாவி மாசிலாமணிக்கு. வெளியே போயிருக்கிறார் போலிருக்கிறது. வந்ததும் கொடுத்துவிடுங்கள்."

"கட்டாயம் கொடுத்துவிடுகிறோம்" என்றான் குணாளன்.

சாயங்காலம் சாம்பாருக்குக் கடுகு வெடித்தது. அலாரம் அலறவில்லை. எட்வின் மூன்று தட்டுகளை எடுத்து வைத்தான்.

"மாசி வருவானாடே?"

"வராம? சாவி இங்கதானே இருக்கு."

வாசனையைப் பிடித்துக்கொண்டு மாசிலாமணி எதிர்க் கட்டடத்திலிருந்து வந்தான். வாசலில் காவலர் வெளியாட்களுக்கான பதிவேட்டை அவன் பக்கம் தள்ளினார். 'பெயர்' என்ற கட்டத்தில் மாசிலாமணி என்று எழுதினான். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்திலும் மாசிலாமணி என்று எழுதினான். காவலர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.